உப்புக்காகச் சிறை சென்ற ருக்மிணி



கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மொட்டை மாடியில் நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலு நாச்சியார் கதையும் ஜான்சி ராணி கதையும் சொன்னேன். வாள் எடுக்காத வீரப்பெண் ஒருவர்கூட இல்லையா தாத்தா என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எதிரே மரக்காணம் உப்பளப் பாத்திகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ருக்மிணி லட்சுமிபதி நினைவுக்கு வந்தார்.

சென்னையில் வசதியான குடும்பத்தில் 1892 டிசம்பர் 6 அன்று பிறந்தவர். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதான அந்தக் காலத்தில், பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியை மணந்தார். 1923-இல் காங்கிரசில் சேர்ந்தார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டுக்குப் போய்வந்தார்.

அப்போது உப்புக்கு வரி உண்டு. அனுமதியில்லாமல் கடலோரத்தில் ஒரு கைப்பிடி உப்பு எடுத்தாலும் குற்றம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வரி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு எடுத்துக் கைதானார். அந்தப் போராட்டத்தில் ருக்மிணியும் இறங்கினார். ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

1937-இல் சென்னை சட்டமன்றத்தின் துணை சபாநாயகர் ஆனார். 1940-இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் மறுபடியும் சிறை சென்றார். 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். 1951 ஆகஸ்ட் 6 அன்று காலமானார்.

எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களின் முகவரியில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கதை முடிந்ததும் அந்தச் சிறுமி மாடிச் சுவரோரம் போய் நின்றாள். கீழே பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் பெயரில் ஏதாவது தெரு இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து சொல்லுங்கள்.