மண்டையோட்டில் வெகுளியைத் தேடியவர்

ஒரு பிள்ளை கைநீட்டி மற்றொருவனை அடித்துவிட்டால், அது அவன் பரம்பரைக் குணம் என்று தீர்ப்புக் கூறிவிடுதல் ஆசிரியர்களாகிய எமக்கு மிக எளிது. யானும் அவ்வாறு கூறியவனே. இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், யான் கற்பித்த வகுப்பிலே ஒரு மாணவன் உடன்படித்தவனை அடிமட்டத்தால் நெற்றியிற் காயப்படுத்தினான். அவன் தந்தையோ கத்திக்குத்து வழக்கிற் சிறைப்பட்டிருந்தவர். இரத்தத்தில் உள்ளது எங்கே போகும் என்று ஆசிரியர் கூட்டத்திலே யான் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. அடிபட்டவன் அப்பிள்ளையின் தந்தையை இழித்துப் பேசினான் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அதற்குள் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

யான் ஒரு வாய்ச்சொல்லிற் சொன்னதைப் பெருஞ் சாத்திரமாகவே வகுத்துத் தந்த ஒருவர் முன்னரே வாழ்ந்திருந்தார். இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ என்பது அவர் பெயர்.

லொம்புரோசோ 1835 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெரோனா நகரிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் ஒஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. பாவியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1858 இற் பட்டம் பெற்றவர், அடுத்த ஆண்டே படை மருத்துவராய்ச் சேர்ந்தார். இத்தாலி ஒன்றுபட்ட பின்னர்த் தென்மாகாணமாகிய கலாபிரியாவுக்கு 1862 இல் அனுப்பப்பட்டார். படையிலே ஏறத்தாழ 3000 வீரர்களின் உடல்களை அளந்து எழுதிவைத்தார். ஒழுங்கற்ற வீரர் தம் உடலிற் குத்தியிருந்த பச்சை ஏனையோரதினும் ஆபாசமாய் இருந்ததென்றும் குறித்துக்கொண்டார். அளப்பதில் அவருக்கிருந்த ஆசை அன்று தொடங்கியது, சாகும்வரை தணியவேயில்லை.

அவரை வெறுங் கொடியவராக எண்ணிவிடுதல் கூடாது. வட இத்தாலியின் ஏழை உழவர் சோளமாவையே உண்டு பெலாக்கிரா என்னும் நோயால் தோல் வெடித்து, அறிவு மயங்கி மாண்டனர். கெட்டுப்போன சோளமே அந்நோய்க்கு மூலம் என்று லொம்புரோசோ எழுதினார். நிலக்கிழாரும் சக மருத்துவர் பலரும் அவரை எள்ளினர். நோயின் மெய்யான காரணம் நயசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைபாடு என்பது அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே தெளிவாயிற்று. ஆயினும் ஏழையின் உணவுத்தட்டிலே நோயைத் தேடிய அந்தக் கண் நல்ல கண் என்பதில் ஐயமில்லை. அதே கண் ஏழையின் முகத்தை நோக்கியபோதுதான் வழிதவறியது.

திருப்பம் 1870 ஆம் ஆண்டளவில் நேர்ந்தது. பாவியாவில் இறந்த கலாபிரியக் கைதியான யுசெப்பே வில்லெல்லா என்பவனின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது, பிடரிப்பக்கத்து அடியெலும்பின் நடுவிலே ஒரு குழியைக் கண்டார். மனிதரில் அது அரிது. கீழ்நிலை விலங்குகள் சிலவற்றிற் காணப்படுவது. அவ்வளவுதான், குற்றவாளியின் இயல்பு முழுவதும் தமக்கு விளங்கிவிட்டதெனக் கருதினார். குற்றஞ்செய்வோன் நம் காலத்திற் பிறந்த ஆதிமனிதன். மூதாதையரின் மூர்க்கம் அவனிடத்து மீண்டும் தலைகாட்டுகிறது என்பது அவர் கொண்ட முடிபு. அந்த ஒரு குழியைச் சான்றாய்க் கொண்டே ஒரு கொள்கையைக் கட்டினார். வில்லெல்லா பெருங் கொள்ளைக்காரன் எனப் பேசப்பட்டான். பிற்கால ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவியபோது அவன்மேற் கண்டது களவுக் குற்றச்சாட்டே.

1876 இற் குற்றவாளியைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே தூரின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரும் ஆனார். சரிந்த நெற்றி, பருத்த தாடை, அகன்று விரிந்த செவி, நீண்ட கை, நோவறியா உடல் ஆகியவற்றைப் பிறவிக்குற்றவாளியின் அடையாளங்களாக வரிசைப்படுத்தினார். இங்கே ஒன்று கவனிக்கற்பாலது. பரம்பரை இயல்பு எவ்வாறு கடத்தப்படுகிறது என்பதை மெண்டல் 1866 இலேயே எழுதியிருந்தும் 1900 வரையில் உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே லொம்புரோசோ பரம்பரையைப் பற்றி ஓயாது பேசினாரேயன்றி, அது இயங்கும் முறையை அறியார். அறியாத இடத்தை அளவுகோலால் நிரப்பினார்.

1884 இல் மிஸ்தேயா என்னும் கலாபிரிய வீரன் நேப்பிள்ஸ் படைமுகாமிலே தோழர்களைச் சுட்டுக்கொன்றான். அவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவ்வழக்கைத் துணைகொண்டு லொம்புரோசோ தம் கொள்கையை விரித்தார். காக்கைவலிப்பு நோய்க்கும் திடீரென வெடிக்கும் மூர்க்கத்துக்கும் உறவுண்டென்றார். தென்னாட்டவர் இயல்பாகவே குற்றப்பாங்கினர் என்னும் பழியும் இத்தகைய எழுத்துக்களால் வலுப்பெற்றது. தாம் யூதராய்ப் பிறந்து, யூதவெறுப்பைக் கண்டித்து 1894 இல் ஒரு நூலே எழுதியவர், மற்றொரு மக்கட்கூட்டத்தின்மேற் சுமத்திய பாரத்தை உணரவில்லை. கற்றவர்க்கும் இத்தகைய குருடு நேர்வதுண்டு.

அவருடைய நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. 250 பக்க அளவிலிருந்த முதற்பதிப்பு 1896–97 ஆம் ஆண்டுகளில் வந்த ஐந்தாம் பதிப்பிற் பல தொகுதிகளாகப் பெருகிற்று. அவ்வளர்ச்சியினூடே அவர் தம்மையறியாமலே ஓர் உண்மையை நெருங்கினார் என்பது என் எண்ணம். பிறவிக்குற்றவாளி, சித்தம் பேதலித்த குற்றவாளி, உணர்ச்சிவேகத்தாற் குற்றஞ்செய்தவன், சந்தர்ப்பவசத்தாற் குற்றஞ்செய்தவன் எனப் பிரித்தார். பிறவிக்குற்றவாளிகள் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கினரளவே என்று இறங்கியும் வந்தார். உணர்ச்சிவேகத்தால் அடித்தவனிடம் அவர் தேடிய அடையாளங்கள் ஒன்றும் இல்லை. செய்துவிட்டு நைந்து அழுபவன் அவன். நம் மொழியிலும் வெகுளி வேறு, செற்றம் வேறு அன்றோ? வெகுளி பொங்கி அடங்குவது. செற்றம் நெடுங்காலம் நெஞ்சில் நின்று முதிர்வது. அடிக்கும் கை ஒன்றாயினும் அதனை எழுப்பும் ஊற்று ஒன்றன்று. இப்பிரிவை முதலிற் கண்டிருந்தாராயின் அவர் மண்டையோடுகளை அளக்க வேண்டியிருந்திராது.

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. 1885 இல் ரோமாபுரியிற் கூடிய முதல் மாநாட்டிலேயே பிரான்சிய மருத்துவர் லக்கசாஞ், குற்றத்தை விளைவிப்பது சமுதாயச் சூழல் என்று வாதித்தார். 1889 இற் பாரிஸ் மாநாடு, குற்றவாளிகளையும் நேர்மையாளரையும் ஒப்பிட்டு அளக்க ஒரு குழுவை நியமித்தது. அக்குழு ஒருநாளும் கூடவில்லை! கூடியிருந்தால் இக்கொள்கை அன்றே தீர்ந்திருக்கும்.

1897 இல் மொஸ்கோவுக்கு ஒரு மருத்துவ மாநாட்டின் பொருட்டுச் சென்றவர், டோல்ஸ்டோயைக் காண அவரது பண்ணைக்குப் போனார். மேதைமையும் பித்தும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பது அவருடைய மற்றொரு கொள்கை. அங்கே கண்டதோ குளத்தில் நீந்தித் தம்மைக் களைப்படையச் செய்த ஒரு முதியவரை. டோல்ஸ்டோய்க்கு விருந்தினர்மேல் மதிப்பு உண்டாகவில்லை. 1899 இல் வெளிவந்த தம் நாவலாகிய புத்துயிர்ப்பிலும் லொம்புரோசோவின் பெயரை எள்ளலோடு எடுத்தாண்டார்.

1909 ஒக்ரோபர் 19 ஆம் திகதி லொம்புரோசோ தூரினிற் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின், 1913 இல், ஆங்கிலச் சிறை மருத்துவர் சாள்ஸ் கோரிங் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவரோடும் படைவீரரோடும் ஒப்பிட்டு, தனிப்பட்ட குற்றவாளி உடலமைப்பு என ஒன்றில்லை எனக் காட்டினார்.

மண்டையோடு தோற்றபின் வேறொன்றை நாடினர். 1965 இல் ஸ்கொத்லாந்தின் காவல் மருத்துவமனை ஒன்றில் மேலதிகமாக ஒரு வை நிறமூர்த்தம் உடைய ஆடவர் சிலர் காணப்பட்டதும், வன்முறையின் வித்து இதுவே என்றனர். 1976 இல் வெளியான டென்மார்க்கு ஆய்விலே அவர்களுக்கும் வன்முறைக் குற்றத்துக்கும் தொடர்பு புலப்படவில்லை. 1993 இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில், மொனோஅமீன் ஒட்சிடேசு ஏ என்னும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு பழுதுற்ற ஆடவர் சிறு தூண்டுதலுக்கும் பொங்கியெழுவதைக் கண்டனர். அது மிக அரிய நிலை. அதே அலகின் வலுக்குன்றிய, பலரிடமும் காணப்படும் வடிவத்தையே நியூசீலாந்தின் டனீடின் நகரிற் பிறந்தவர்களிடம் ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டனர். அவ்வடிவத்தை உடைய ஆண்களில், இளமையிற் கொடுமைக்குள்ளாகி வளர்ந்தோரிடமே வன்முறைச் சார்பு பெரிதும் மிகுந்திருந்தது. கருணையோடு வளர்க்கப்பட்டோரிடம் அவ்வாறில்லை.

இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகள், மூர்க்கத்தில் மனிதரிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியைப் பரம்பரைக்கு உரியதாக்குகின்றன. ஆயினும் அப்பாதி ஓரலகில் அடங்கியதன்று. மிகப் பல அலகுகள் அணுவணுவாய்ச் சேர்வது. மேலும், சீண்டப்பட்டுப் பொங்கும் மூர்க்கத்துக்கும், திட்டமிட்டு ஆதாயங்கருதிச் செய்யும் மூர்க்கத்துக்கும் பொதுவான பரம்பரைப் பங்கோடு தனித்தனிப் பங்கும் உண்டென்கின்றனர். ஒரு கூட்டத்தாரின் வேறுபாட்டைச் சொல்லும் இக்கணக்கைக் கொண்டு தனியொருவனை நோக்கி, இவன் வெகுளியிற் பாதி தந்தையது என்று சொல்ல முடியாது. யான் அன்று சொன்னது அதுதான்.

2009 இல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேன்முறையீட்டு மன்றம், கொலைக் குற்றவாளி ஒருவனின் பரம்பரையலகுச் சோதனையையும் கருத்திற்கொண்டு தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. பிறவிக்குற்றவாளியைச் சமுதாயத்தினின்று நிரந்தரமாய் அகற்ற வேண்டும் என்பதற்கு லொம்புரோசோ காட்டிய நியாயமே, இங்கே இரக்கத்துக்கு நியாயமாயிற்று. இன்னொரு மன்றம் அதனையே திருப்பித் தண்டனையைக் கூட்டவும் பயன்படுத்தலாமே என்ற அச்சம் எனக்குண்டு.

அதே ஆண்டில் தூரினிலுள்ள லொம்புரோசோ நூதனசாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வில்லெல்லாவின் ஊரார் அவன் மண்டையோட்டை அடக்கஞ் செய்யத் தருமாறு வழக்கிட்டனர். 2012 இற் கீழ்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2017 இல் மேன்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. 2019 இல் உச்சமன்றம் மண்டையோட்டை நூதனசாலைக்கே உறுதிசெய்தது. தம் உடலையும் ஆராய்ச்சிக்கு அளித்துச் சென்றவர் லொம்புரோசோ. அவருடைய எலும்புக்கூடும் அக்கட்டடத்திலேயே நிற்கிறது.