பல்லடைப்பின் ஆயுளை அளந்த பிளாக்

பல்வலியால் ஓரிரவேனும் உறக்கமிழந்தார்க்கன்றிப் பல்லின் அருமை நன்கு விளங்குவதில்லை. சொத்தையை அகழ்ந்து குழியை அடைத்துவிட்டால் வலி தீர்கின்றது. ஆயின் அவ்வடைப்பு எத்தனை ஆண்டு நிற்கும்? இவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அமெரிக்க அறிஞர் கிரீன் வார்டிமன் பிளாக் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1836-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், இல்லினாய் மாகாணத்து வின்செஸ்டர் என்னும் ஊரருகே, உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். பதினேழாம் வயதில், மருத்துவராயிருந்த தமையனாரிடம் சென்று மருத்துவ நூல்களைப் பயின்றார். பின்னர் ஸ்பீர் என்னும் பல் வைத்தியரிடம் சிலகாலம் தொழில் பழகி, 1857-இல் வின்செஸ்டரிலேயே தொழில் தொடங்கினார். பல் மருத்துவக் கல்லூரி எதிலும் இவர் மாணவராயிருந்திலர். கல்லூரி மலரில் இதனை எழுதுங்கால் எமக்குச் சிறிது நாணமே தோன்றுகின்றது. உள்நாட்டுப் போர் மூண்டபொழுது படையிற் சேர்ந்து ஒற்றராய்ப் பணியாற்றி, முழங்காலில் ஊறுபட்டு மீண்டார். 1864-இல் ஜாக்சன்வில் நகரிற் குடியேறினார்.

அந்நாளில் சொத்தைக் குழியை அடைப்பதற்குப் பொன் தகடே தலைசிறந்ததாக மதிக்கப்பட்டது. ஏழைகட்கு அஃது எட்டாப் பொருள். வெள்ளித் தூளைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்யும் இரசக்கலவை மலிவானது. ஆனால் அதன்பால் பலர்க்குப் பெரும் பகை இருந்தது. 1840-களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமொன்று, அக்கலவையைத் தொடோம் என்று தன் உறுப்பினரிடம் கையொப்பமே வாங்கிற்று. அப்பூசல் முற்றி, 1856-இல் அச்சங்கம் கலைந்தொழிந்தது. இரு சாராரும் வாதிட்ட அளவிற்கு அளந்து பார்த்தாரில்லை.

பிளாக் அளந்து பார்த்தார். மனிதன் கடிக்கும் வலிமை எவ்வளவு என்பதை அறிய ஒரு கருவி செய்தார். கலவை இறுகுங்கால் நேரும் மிக நுண்ணிய விரிவையும் சுருக்கத்தையும் கணிக்கவும் கருவி அமைத்தார். கலவை சுருங்குமாயின் பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே மயிரினும் மெல்லிய வெடிப்பு உண்டாகும். அதன்வழி உமிழ்நீரும் கிருமியும் புகுந்து, அடைத்த பல் அடியில் மீண்டும் சொத்தையாகும். மிக விரியுமாயின் அடைப்பு குழிக்கு வெளியே பிதுங்கி நிற்கும். ஒரே உலோகத்தூள், அராவியவுடன் ஒருவகையாகவும் நாள்பட வைத்தபின் வேறுவகையாகவும் இறுகுவது பலரை மயக்கிற்று. அம்மாற்றத்திற்கு வெப்பமே காரணமென இவர் கண்டு காட்டினார். இவ்வாராய்ச்சிகள் 1895-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. வெள்ளி ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, வெள்ளீயம் நான்கிலொரு பங்கு, மிச்சம் சிறிது செம்பும் துத்தநாகமும் என இவர் வகுத்த அளவு, 1960-கள் வரை பெரும்பாலும் நிலைத்திருந்தது.

இரசக்கலவை பல்லோடு ஒட்டுவதன்று. குழியின் வடிவமே அதனைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். ஆதலின் குழியின் அடி தட்டையாகவும், வாய் சிறிது குறுகியும் இருக்குமாறு வெட்டவேண்டுமென்று பிளாக் விதித்தார். அதன் விளிம்பை, மீண்டும் சொத்தை பற்றாத இடம்வரை நீட்டவும் சொன்னார். இதனால் நோயற்ற பல்லும் ஓரளவு வெட்டுண்டது. அவர் கையிலிருந்த பொருளுக்கு அவ்விதி தக்கதே என்று கருதுகின்றோம். பொருள் மாறிய பின்னரும் அதனை மாறாது பற்றியிருந்தார் பலர். அக்குறையை அவர்மேல் ஏற்றுதல் முறையன்று.

1897-இல் சிக்காகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் தலைவராகி, இறுதிவரை அப்பதவியில் இருந்தார். 1908-இல் பல் சிகிச்சை பற்றிய பெருநூலை இரு பாகமாக வெளியிட்டார். சொத்தைக் குழிகளை ஐந்து வகையாக அவர் பகுத்த முறையை இன்றைய மாணவரும் பயில்கின்றனர். முதுமையிலும் ஆராய்ச்சியை விட்டாரில்லை: கொலராடோவில் மக்களின் பற்களிற் காணப்பட்ட பழுப்புக் கறையை, மக்கே என்னும் மருத்துவரோடு 1909 முதல் ஆராய்ந்தார். அக்கறைக்கு நீரிலுள்ள புளோரைடே காரணமென்பது 1931-இல் தெரிந்தபொழுது அவர் உயிரோடில்லை. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவர் மறைந்தார். 1918-இல் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவர்க்குச் சிலை எடுத்தனர்.

ஒட்டாத பொருளை ஒட்டவைக்கும் வழியை 1955-இல் மைக்கேல் புவனோகோர் என்பார் கண்டார். உலோகத்தின்மேல் வண்ணம் பற்றுதற்குப் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் தொழின்முறையைக் கருத்திற்கொண்டு, அதே அமிலத்தாற் பல்லின் மேலோடாகிய எனாமலைச் சற்றே அரித்து, அதன்மேற் செயற்கைப் பிசினைப் பூசினார். பிசின் அந்நுண்குழிகளிற் புகுந்து வேர்பிடித்தாற்போல் நின்றது. இதனால் நல்ல பல்லை மிகுதியாக வெட்டவேண்டிய தேவை குறைந்தது. எனினும் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைனில் அவ்வொட்டு அத்துணை நாள் நிற்பதில்லை. அப்பகுதி ஈரமுடையது. நீர் பிசினைச் சிதைக்கின்றது. பல்லிலேயே உள்ள நொதிகள், பிசின் பற்றியிருக்கும் நார்களை மெல்ல அரிக்கின்றன. பாதரசத்தின் கேடு கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இரசக்கலவையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டமையால், இப்பசைகளின் ஆயுள் முன்னினும் முதன்மை பெற்றுள்ளது. அவற்றை இன்று சோதிப்போர், ஒட்டிய பற்களை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்தும், தட்பத்திலும் வெப்பத்திலும் மாறி மாறித் தோய்த்தும் பார்க்கின்றனர். அவர்கள் முதலில் உற்று நோக்குவதும், பல்லும் அடைப்பும் கூடுகின்ற அவ்விளிம்பையே.