வாத்தியாருக்கே தறி தெரியாது: பௌஹவுஸ் நெசவுக்கூடத்தைத் தூக்கி நிறுத்திய குன்ட்டா

சீனியர் ஜூனியருக்குச் சொல்லித்தருவதும், நாலு பேர் சேர்ந்து ஒரே பொருளைச் செய்வதும் வடிவமைப்புக் கல்லூரிகளில் இன்று சாதாரணம். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கூடம் இப்படித்தான் ஓடியது. திட்டம் போட்டு அல்ல, வேறு வழியில்லாமல். அதன் நடுவில் நின்றவர் குன்ட்டா ஸ்டோல்ஸ்ல்.

1897இல் மியூனிக்கில் பிறந்தவர். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்க நர்ஸாக இருந்தார். கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் 1919இல் வைமர் நகரில் பௌஹவுஸைத் தொடங்கியதும் அங்கே சேர்ந்தார். ஆணும் பெண்ணும் சமம் என்று அறிவித்த பள்ளிதான். ஆனால், வந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பக்கமே தள்ளிவிட்டார்கள்.

சரி, நெசவைச் சொல்லித்தர ஆள் இருந்தாரா? பொறுப்பாளர் கியோர்க் முஹே ஓர் ஓவியர். தறி அவருக்கு வராது. கைவேலை ஆசிரியைக்குத் தெரிந்ததும் கொஞ்சம்தான். மாணவிகள் தாங்களே முட்டி மோதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கத்துக்கொண்டார்கள். குன்ட்டாவும் தோழி பெனிட்டா ஓட்டேயும் கிரேஃபெல்ட் நகருக்குப் போய், 1922இல் சாயமேற்றும் பயிற்சியும் 1924இல் பட்டு நெசவுப் பயிற்சியும் பெற்றார்கள். கற்றதைத் தோழிகளுக்கும் தந்தார்கள். மூடிக்கிடந்த சாயக்கூடம் மறுபடி இயங்கியது.

கூட்டு வேலை நெசவோடு நிற்கவில்லை. 1921இல் சக மாணவர் மார்செல் ப்ராயர் மரத்தில் ஒரு நாற்காலி செய்ய, குன்ட்டா அதன் சட்டத்திலேயே நூலைக் கட்டி நெய்தார்.

பள்ளி டெஸ்ஸாவுக்கு மாறிய பிறகு, முஹேயோடு மாணவிகளுக்கு மோதல் முற்றியது. 1927இல் அவர் விலக, கூடம் குன்ட்டாவின் கைக்கு வந்தது. சம்பளமும் உரிமையும் ஆண் ஆசிரியர்களைவிடக் குறைவு. ஆனாலும் பள்ளிக்கு உருப்படியாக வருமானம் ஈட்டிய கூடங்களில் ஒன்று இது. ஒலியை உறிஞ்சி ஒளியைத் திருப்பும் துணியை நெய்த ஆனி ஆல்பர்ஸ் இங்கிருந்து வந்தவர்தான்.

1929இல் உடன்படித்த யூதரான அரியே ஷரோனைத் திருமணம் செய்தார். ஜெர்மன் குடியுரிமை போனது. அவரது கதவில் ஸ்வஸ்திகா வரையப்பட்டது. கொடுமை என்னவென்றால், அவருக்கு எதிராகப் புகார் கிளப்பியவர்களில் அவரிடம் படித்த சிலரும் இருந்தார்கள். 1931இல் பதவி விலகினார்.

சூரிச்சுக்குப் போய், பௌஹவுஸில் உடனிருந்த இருவரோடு சேர்ந்து கைத்தறி நிறுவனம் ஆரம்பித்தார். பணத் தட்டுப்பாட்டில் அது நிலைக்கவில்லை. பின்னர் தனியாகவே பட்டறை நடத்தி, 1967இல் மூடினார். 1983இல் காலமானார்.

ப்ராயரோடு செய்த அந்த நாற்காலி பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. 2004இல்தான் பெர்லினில் உள்ள பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது.