லேண்ட் ரோவரை உருவாக்கிய மோரிஸ் வில்க்ஸ்

சுங்கை பூலோ பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தாவைக் கேளுங்கள் மாணவர்களே, துரை ஓட்டிய லேண்ட் ரோவரைப் பற்றிச் சொல்லக்கூடும். அதை உருவாக்கிய மோரிஸ் வில்க்ஸ் 1904இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்.

வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணையில், போரில் பயன்பட்ட பழைய அமெரிக்க ஜீப்பை ஓட்டினார். அது தேய்ந்துபோனால் வாங்க இன்னொரு ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. 1947இல் தாமே ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். அப்போது எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்தால்தான் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார், அடிச்சட்டம் எஃகு. 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி அறிமுகமானது. சில ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்றே நிறுவனம் நினைத்தது. அந்த வழிவந்த வண்டிகள் 2016 வரை தயாராகின! வில்க்ஸ் 1963இல் மறைந்தார்.

இன்று பழைய லேண்ட் ரோவரைப் புதுப்பிப்பவர்கள் முதலில் குனிந்து அடிச்சட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். மேலே அலுமினியத்தில் துரு ஏறாது. கீழே எஃகு அரித்திருக்கும்.