மணலில் முளைத்த கல்வி

எழுத்தறிவித்தல் அறங்களுள் தலையாய அறம் என்பதை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். ஆயினும் அவ்வறத்தைச் செய்வது எத்துணை கடினம் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டுதான் உணர்ந்தோம். காந்திபுரத்தில் ஓர் ஆலயத்தை ஒட்டிய சிறு தொடக்கப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கச் சென்றோம். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகள், இரண்டுக்கும் ஓர் ஆசிரியை! முதல் வாரம் நாங்கள் தொண்டை வறளக் கத்தியதுதான் மிச்சம். அவ்வேளையில் நாங்கள் படித்தறிந்த ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம். அவர்தாம் டாக்டர் ஆண்ட்ரூ பெல்.

பெல் 1753ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தார். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். சில ஆண்டுகள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வீட்டாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகி, 1787ஆம் ஆண்டில் சென்னை வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் கம்பெனிப் படையைச் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் பலர் தந்தையை இழந்து தவித்தனர். அவர்களுக்கென 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் ஆண்பிள்ளைகள் அநாதை இல்லம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்ற பெல், அதற்கென ஒதுக்கிய சம்பளத்தைப் பெற மறுத்தார். படைக் குருவாக அவருக்குப் போதிய வருவாய் இருந்தது உண்மையே. எனினும் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு மனம் வேண்டுமல்லவா?

பொறுப்பேற்றதும் அவர் கண்ட காட்சி வருந்தத்தக்கதாக இருந்தது. பிள்ளைகள் மாதக்கணக்கில் அரிச்சுவடியிலேயே தேங்கிக் கிடந்தனர். ஆசிரியர்களோ புதிய முறை எதையும் ஏற்க முன்வரவில்லை.

ஒருநாள் காலை அவர் குதிரையேறிச் செல்லும் வழியில் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கண்டார். அங்கே பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகிக் கொண்டிருந்தனர். காகிதம் இல்லை, மை இல்லை, செலவும் இல்லை. எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். இதை உடனே தம் பள்ளியிலும் செய்ய விரும்பினார் பெல். ஆனால் கீழ்வகுப்பு ஆசிரியர் அது நடவாது என்று மறுத்துவிட்டார்.

பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்! அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் நன்றாகக் கற்றவன் கற்பிப்பவனானான்; பின்தங்கியவன் அவனருகில் அமர்ந்தான். பாடங்கள் சிறுசிறு பகுதிகளாயின. ஒன்றைச் செம்மையாகக் கற்ற பின்னரே அடுத்தது தொடங்கியது. அன்றன்று கற்றது பதிவேட்டில் குறிக்கப்பட்டது. குற்றம் செய்தவனைப் பிரம்பால் அடிப்பதற்கு மாறாக, அவன் பெயரை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி, உடன் பயிலும் மாணவர்களே விசாரிக்கும் வழக்கம் வந்தது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்பவர் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததை நாம் அறிவோம். ஆகவே உலகம் சென்னை முறை என்று போற்றியதில் நம் முன்னோரின் பங்கும் உண்டு என எண்ணி நாம் பெருமை கொள்ளலாம்.

உடல்நலம் குன்றியதால் பெல் 1796ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதையொத்த முறையை நடத்தினார். இருவருக்கும் ஆதரவாளர் திரண்டு போட்டியும் மூண்டது. 1811ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கெனத் தேசியச் சங்கத்தை நிறுவி, பெல்லின் முறையையே மேற்கொண்டது. அவர் 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் காலமானபோது இம்முறையில் 12,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்தனவாம். அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த ஊரில் அவரது கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

குறையில்லாத மனிதர் உண்டோ? ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் அவரே எழுதினார். மணலில் எழுத வைத்த கையா அப்படி எழுதியது என்று நாங்கள் வருந்தினோம். மேலும், ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானோரை நடத்திவிடலாம் என்ற சிக்கன எண்ணம் பரவியதால், பல பள்ளிகளில் படிப்பு வெறும் கிளிப்பிள்ளைப் பாடமாயிற்று. சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணையாகலாமே தவிர, ஆசிரியருக்கு ஈடாக மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் கத்தவில்லை. ஆசிரியையின் அனுமதியோடு ஒரு தட்டில் மணலைப் பரப்பினோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் அருகில் அமர்த்தினோம். அவள் தானே வாசிக்கத் திணறுபவள். ஆனால் கற்பிக்க வேண்டுமே என்பதற்காக முதல் நாள் இரவே பாடத்தைப் படித்து வந்திருந்தாள்! அன்று கூடத்தில் இருந்த அமைதியைக் கண்டு ஆசிரியை புன்னகைத்தார்.

நல்ல தலைமை என்பது எல்லாவற்றையும் தானே செய்வதன்று. சிறியோரையும் நம்பிப் பொறுப்பளிப்பதும், அவர்களைக் கைவிடாமல் உடனிருப்பதுமே ஆகும். அன்புத் தோழியரே, நாமும் கற்றதைப் பிறருக்குக் கற்பித்து, கற்பிப்பதால் மேலும் கற்று உயர்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி