செருப்புத் தைத்தவர், கடற்பறவைகளின் தோழர்

ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்குக் கரையில் பான்ஃப் என்று ஓர் ஊர். செங்குத்தான பாறைகள், எலும்பைத் துளைக்கும் குளிர். அங்கே செருப்புத் தைத்துப் பிழைத்தவர் தாமஸ் எட்வர்டு.

1814-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் பிறந்தார். தந்தை கைத்தறி நெசவாளி. சிறுவன் தாமஸுக்குப் பிராணிகள் என்றால் உயிர். காக்கை இனத்துப் பறவை ஒன்றைக் கால்சட்டைக்குள் ஒளித்துப் பள்ளிக்குக் கொண்டுபோனான். பாடம் நடக்கும்போது அது கத்திவிட்டது! மூன்று பள்ளிக்கூடங்கள் அவனை விரட்டின. அத்துடன் படிப்பு முடிந்தது. ஆறு வயதில் புகையிலைத் தொழிற்சாலை வேலை. பதினொரு வயதில் செருப்புத் தைக்கப் பழகினான்.

வளர்ந்து பான்ஃபில் குடியேறிய பிறகு, பகலெல்லாம் வேலை. வாரக் கூலி பத்து ஷில்லிங் கூட இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வேலை விட்டதும் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுவார். தூக்கம் வந்தால் மணல்மேட்டுப் பொந்தில் கால்களை நுழைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்துக்கொள்வார். பாறை உச்சியில் பைரி என்னும் வேட்டைப் பறவை இரையுடன் வந்து இறங்கும். அது இறகுகளைப் பிய்த்து எறிந்து தின்னும் அழகை மறைந்திருந்து பார்ப்பார்.

பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தும் வைத்தார். இன்று நமக்கு இது பிடிக்காது. அவரிடம் தூரதரிசினிக் கண்ணாடியா இருந்தது?

இப்படிச் சேர்த்தவற்றை 1846-ல் அபர்தீன் நகரில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் வரவில்லை. வாடகை ஏறியது, கடன் ஏறியது. மனைவி மக்களுக்குச் சோறில்லை. மனம் உடைந்த எட்வர்டு, கடலில் விழுந்து உயிரை விடுவதென்று போனார். தொப்பியையும் கோட்டையும் கழற்றி எறிந்தார்.

அந்த நேரத்தில் ஒரு கூட்டம் கடற்கரை உள்ளான்கள் மணலில் வந்து இறங்கின. குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிற சின்னப் பறவைகள்தான். அவற்றின் நடுவே பெரிதாக, கறுப்பாக ஒரு பறவை. இது என்ன பறவை? எட்வர்டு அதைத் தொடர்ந்து போனார். பறக்கப் பறக்க இவரும் நடந்தார். அது மறைந்தபோது சாகும் எண்ணமும் மறைந்திருந்தது!

சேர்த்ததையெல்லாம் 20 பவுன் 10 ஷில்லிங்குக்கு விற்றுக் கடனை அடைத்தார். கையில் காசில்லாமல் பான்ஃபுக்கு நடந்தே திரும்பினார். மறுபடியும் ஊசியும் நூலும்; மறுபடியும் கடற்கரை.

ஒரு நாள் ஓர் ஆலாவைச் சுட்டார். காயம்பட்ட பறவை கடலில் விழுந்தது. அலை அதைக் கரைப் பக்கம் தள்ளியது. எட்வர்டு எடுக்கப் போகுமுன் இரண்டு ஆலாக்கள் பறந்து வந்தன. ஆளுக்கொரு சிறகைப் பிடித்துத் தூக்கிக் கடலை நோக்கிக் கொண்டுபோயின. அவை களைத்ததும் வேறு இரண்டு வந்து சுமையை மாற்றிக்கொண்டன. அதை ஒரு பாறையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. மறுபடி சுட அவருக்கு வழியிருந்தது. சுடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்னாளில் கடல்வாழ் நண்டு, இறால் இனங்களையும் ஆராய்ந்தார். அவர் கண்டெடுத்தவற்றில் 26 இனங்கள் உலகத்துக்கே புதியவை. 1866-ல் லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் அவரைத் தன் இணை உறுப்பினராக்கியது. கௌரவம் வந்தது, காசு வரவில்லை. செருப்புத் தைத்துக்கொண்டேதான் இருந்தார்.

1876-ல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஆசிரியர் அவர் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதன்பின் விக்டோரியா ராணி ஆண்டுக்கு 50 பவுன் உதவிச் சம்பளம் அளித்தார். அப்போது எட்வர்டுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1886-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதே பான்ஃபில் காலமானார்.