காவிரிக்கு அளவு கற்பித்த காட்டன்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்த மாவட்டத்தின் கிழக்குச் சீமையில்தான் முடிகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டும். மிஞ்சிய வெள்ளம் வடியவும் வேண்டும். இந்த இரண்டையும் தஞ்சைத் தரணியில் சமன் செய்யப் பாடுபட்டவர் ஸர் ஆர்தர் காட்டன்.

1803-ஆம் ஆண்டு மே 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். 1821-ல் கம்பெனியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 18. மறு ஆண்டே பாம்பன் கால்வாயை அளந்தார். ஜெகதாப்பட்டினத்தின் முன்னே விரியும் கடலின் தென்கோடி அது!

மேடும் பள்ளமும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளையான காவிரி பாசனத்துக்கு உயிர். வடகிளையான கொள்ளிடம் வெள்ளத்துக்கு வடிகால். அன்று இந்த ஒழுங்கு கெட்டிருந்தது. கொள்ளிடம் பள்ளமாயிற்று, காவிரி மணல் மேடிட்டது. பயிருக்கு வேண்டிய நீர் வடிகால் வழியே வீணாயிற்று. குடியானவர் வாடினர், நிலவரி குறையும் என்று கம்பெனி சர்க்காரும் கவலைப்பட்டது.

1828-ல் காட்டனிடம் காவிரிப் பாசனப் பணி ஒப்படைக்கப்பட்டது. 1830-ல் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் அமைத்தார். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன.

ஆனால் புதுத் தொல்லை பிறந்தது. காவிரியில் நீர் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்து, படுகையை அரித்தது. ஆகவே 1840-களில் மேலணையின் சில பகுதிகளைத் தாழ்த்தினார்கள். காவிரியின் தலைப்பிலும் தடுப்பணை கட்டினார்கள். ஒரு கிளையில் கைவைத்தால் மறு கிளையையும் கவனிக்க வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது.

கோதாவரியும் லண்டனும்

மணற்படுகை மீதும் அணை நிற்கும் என்பதைக் காட்டனுக்குக் கற்பித்தது பழந்தமிழரின் கல்லணை. அந்தப் பாடத்தைக் கொண்டு 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். பஞ்சத்தில் வாடிய பூமி நெற்களஞ்சியமாயிற்று. 1861-ல் ஸர் பட்டம் வந்தது. ரயிலைவிட வாய்க்காலே இந்தியாவுக்கு முதல் தேவை என்று வாதாடியதற்காக, 1878-ல் லண்டன் பார்லிமெண்டுக் குழுவின் கடுமையான விசாரணைக்கும் முகம் கொடுத்தார். கொள்கையை விடவில்லை. 1899 ஜூலை 24-ல், 96-வது வயதில் காலமானார்.

சர்க்கார்கள் சேர்ந்தால்...

கல்லும் சுண்ணாம்பும் மட்டும் நதியைக் காப்பதில்லை. சென்னை, மைசூர் சர்க்கார்கள் 1892-லும் 1924-லும் ஒப்பந்தம் செய்தன. பின்னதன் பயனாகவே மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-ல் நிறைவேறின. 2018-ல் காவிரி மேலாண்மை ஆணையம் பிறந்தது.

தண்ணீரின் அளவைப் பங்கிட ஏற்பாடு உண்டு. அதன் தூய்மைக்கும் வடிகாலுக்கும் அதே ஒத்துழைப்பு வேண்டும். மேட்டு நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரக்கழிவும் ஆற்றோடு இறங்கினால், தாங்குவது கடைமடை வயலும் கடலை நம்பிய மீனவர் வலையும்தான். இரு கிளைகளையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னது காட்டனின் அனுபவம். மேட்டையும் மடையையும் ஒன்றாகப் பார்ப்பது இன்றைய சர்க்கார்களின் கடமை.